கோடல் மரபு

வைஃபை என்பதற்கு ‘அருகலை’ என்றொரு தமிழ்ச் சொல் உண்டு. அருகில் மட்டுமே கிடைக்கும் அலை. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் வகுப்பில் நான் அதைச் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே இங்கும் வைஃபை என்றே எழுதுகிறேன். சொல்லவந்தது சொல்லாக்கம் பற்றியன்று. 2022 மார்ச்சில், கடற்கரையூர் ஒன்றில் நின்றிருந்த கல்லூரி வேனுக்குள் அந்த அலையை வரவழைக்க நாங்கள் ஓரிரவு பட்ட பாட்டைப் பற்றியது.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். அவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட திட்டம் அது. ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்த வேண்டும். பெருந்தொற்றால் முகாமே இல்லாமல் போயிருந்த காலம் கழிந்து, மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரைத் தேர்ந்தோம். மாணவர்கள் ஐம்பது பேர். ஆண்பிள்ளைகள் ஊர்ச் சாவடியில் தங்கினார்கள்; பெண்பிள்ளைகளும் உடன்வந்த பேராசிரியையும் பள்ளி வகுப்பறைகளில். எனக்கும் ஓட்டுநர் அண்ணனுக்கும் வேன். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்ட பழைய வேன் அது. அரிசி மூட்டை, மண்வெட்டிகள், பதிவேடுகள், ஒரு பெஞ்சு. பகலில் அலுவலகம், இரவில் படுக்கையறை. பள்ளியிலிருந்து ஒரு மின்கம்பியை இழுத்து, விளக்கும் மடிக்கணினியும் எரியும்படி செய்திருந்தோம்.

ஊர் ஒரு மணல்மேட்டின் பின்புறப் பள்ளத்தில் இருந்தது. கைப்பேசியில் ஒரு கோடு வரும், போகும். பங்குத்தந்தையின் இல்லத்தில் மட்டும் கம்பிவழி இணையம் இருந்தது. முதல் நாளே அவர் கடவுச்சொல்லைக் கொடுத்து, “பிள்ளைகள் வீட்டுக்குப் பேசட்டும்” என்றார். அவ்வில்லத்துக்கும் வேனுக்கும் நூறு தப்படி இருக்கலாம். இடையில் பள்ளிக்கூடக் கட்டடம். இல்லத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தால் படம் பார்க்கலாம். வேனுக்குள் வந்தால் ஒன்றும் இல்லை. நான்கு நாள் அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தோழியோடு வேன் வாசலில் வந்து நின்றாள். அதே கரையில் இரண்டு ஊர் தள்ளி இருப்பவள். வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் தகப்பனாரின் மூத்த பிள்ளை. வகுப்பில் வாய் திறவாதவள். “சார், ஸ்காலர்ஷிப்புக்கு இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட முடியுது. நான் நாளைக்குன்னு நெனைச்சுட்டேன்” என்றாள். அந்தத் தொகை வராவிட்டால் மூன்றாமாண்டுக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லையென்றால் உடன்குடியில் ஒரு துணிக்கடையில் வேலை பேசி வைத்திருக்கிறார்கள். இதை அவள் சொல்லவில்லை, தோழி சொன்னாள்.

உடன்குடியில் இணையக் கடைகள் அடைத்திருக்கும். அந்த விண்ணப்பம் கைப்பேசியில் சரியாகத் திறக்காது. சான்றிதழ்கள் அனைத்தும் என் மடிக்கணினியில் இருந்தன. அதன் மின்கலமோ செத்துப் பல மாதமாயிற்று, மின்னிணைப்பில் மட்டும் உயிர்வாழ்வது. பங்குத்தந்தை அன்று தூத்துக்குடி போயிருந்தார். இல்லத்து வெளிக்கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே இணையப் பெட்டி மட்டும் விளக்கெரிய விழித்திருந்தது. ஆக, அந்த அலையை வேனுக்கு வரவழைப்பதைத் தவிர வழியில்லை.

அப்போது எனக்கு என் தகப்பனார் நினைவு வந்தது. நான் சிறுவனாயிருந்த எண்பதுகளில், எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டு மொட்டைமாடிகளில் நீண்ட இரும்புக் குழாய்மேல் மீன்முள்போல ஆண்டெனா நிற்கும். யாகி, உடா என்னும் இரு சப்பானியர் 1926-இல் உலகுக்கு அறிவித்த வடிவம் அது; மீன் தின்னும் ஊரில் அதற்கு வேறு உவமை தேவைப்படவில்லை. அதன் முகம் இலங்கையை நோக்கி இருக்கும். 1982-இல் தொடங்கிய ரூபவாகினியைப் பிடிப்பதற்காக. அதன் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதலாகலை மலைமேல், 2,524 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருந்தும் எங்கள் ஊர் அதன் நேர்ப்பார்வைக்கு வெகு அப்பால். காற்று அசையாத இரவுகளில், கடலையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெம்மையான காற்று ஓர் அடுக்காகப் படிந்திருக்கும்போது, அலை அந்த அடுக்குக்குக் கீழேயே வளைந்து மன்னார் வளைகுடாவைக் கடந்து வந்துவிடும். காரணம் எங்களுக்குத் தெரியாது. “இன்னைக்குக் கடல் நல்லா இருக்கு, படம் தெளிவா வரும்” என்பார் அப்பா. அவர் மாடியில் குழாயைத் திருக, நான் படியில் நிற்க, அம்மா உள்ளிருந்து “இப்ப வருது… இப்ப போச்சு…” என்பாள். நான் அதை மேலே கத்துவேன். அனுப்புகிறவனை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. வாங்குகிற இடத்தில்தான் எல்லா வேலையும்.

வேனில் அந்த வேலையை எடுத்துக்கொண்டவன் இயற்பியல் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன். முதலில் அவன் வேனின் தகரத்தைத் தட்டிக் காட்டினான். “சார், இது இரும்புப் பெட்டி. அலை பட்டுத் திரும்பிப் போயிரும். சன்னல் வழியாத்தான் உள்ள வரணும்.” பள்ளியை நோக்கிய பக்கத்துச் சன்னலோரம் மடிக்கணினியை நகர்த்தினோம். ஒரு கோடு வந்தது. அடுத்து, அதே சன்னலில் நாலைந்து விரற்கடை தள்ளி வைத்தான், இரண்டானது. இன்னும் தள்ளினான், ஒன்றுமில்லாமல் போயிற்று. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டராம். சுவரிலும் தகரத்திலும் மோதி வரும் அலைகள் ஒன்றோடொன்று சேரும் இடமும் ஒன்றையொன்று அழிக்கும் இடமும் ஒரு சாண் தொலைவுக்குள் மாறிமாறி அமைந்துவிடும். வரவில்லை என்று சோர்ந்து உட்காருகிறவன், ஆறு சென்டிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும்.

இரண்டு கோடு போதவில்லை. கணினிக்குள் இருக்கும் ஏற்பியை விட்டுவிட்டு, வெளியே செருகும் சிறு டாங்கிள் ஒன்றை எடுத்தான். கல்லூரிக் கணினிக் கூடத்திலிருந்து வந்தது. அதை நீளமான யூ.எஸ்.பி. கம்பியில் கோத்து, வேனின் கூரையில் சாமான் ஏற்றும் கம்பிச்சட்டத்தில் கட்டுவது அவன் திட்டம். ஆண்டெனாவுக்கும் ஏற்பிக்கும் இடையே கம்பியை நீட்டினால் அலை வழியிலேயே தேய்ந்துவிடும். ஏற்பியையே மேலே கொண்டுபோய்விட்டால், கீழே வருவது எண்களாக மாறிய செய்தி, அது தேயாது என்றான். ஐந்து மீட்டர்வரை தாங்கும். ஓட்டுநர் அண்ணன் ஏறிக் கட்டினார். கடற்கரை ஈரத்துக்கு ஒரு பாலித்தீன் பை. பெட்டி இரண்டு வகை அலைகளைத் தருவதாயிருந்தது. வேகம் மிகுந்த ஐந்து கிகாஹெர்ட்சை விட்டு, சுவரைச் சற்றே நன்றாகக் கடக்கும் இரண்டு புள்ளி நான்கைத் தேர்ந்துகொண்டோம்.

பிறகு அவன் சமையற்கட்டுக்கு ஓடி, அப்பளம் பொரித்து எண்ணெய் வடியப் போடும் சல்லடையைக் கொண்டுவந்தான். கிண்ணம்போல் குழிந்த, அகலமான கம்பிவலை. அதன் குழிவுக்கு முன்னே நாலு விரல் தள்ளி டாங்கிள் நிற்கும்படி கட்டச் சொன்னான். கண்கள் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியவையாதலால், வலை அலைக்கு முழுத் தகடுபோலவே ஆகி, வந்து விழுவதையெல்லாம் நடுவிடத்துக்குத் திருப்பும். எனக்கு நன்னூல் நினைவு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் மாணாக்கரை வகைப்படுத்தியபோது அன்னத்தையும் ஆவையும் தலைமாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கருக்கும் உவமையாக்கினார். கடைமாணாக்கருக்குச் சொன்ன நான்கில் ஒன்று நெய்யரி. நெய்யைக் கீழே விட்டு, கசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வலை. இருபது ஆண்டுகளாக அந்த உவமையைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்று அந்த நெய்யரிதான் அலையைக் கூட்டிக் கொடுத்தது.

சல்லடையைப் பங்குத்தந்தை இல்லத்தை நோக்கித் திருப்பியபோது பெரிதாய் ஒன்றும் நிகழவில்லை, நடுவில் பள்ளிக்கூடம். அண்ணன் மெல்ல மெல்லத் திருக, நான் கீழிருந்து “வருது… போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சல்லடையின் முகம் கோயிலின் நெடிய பக்கச் சுவரைப் பார்த்தபோது கோடுகள் நான்காயின. நேரே வரமுடியாதது சுவரில் மோதி வந்துகொண்டிருந்தது. மணி பத்தே கால்.

பக்கம் திறந்தது. பெயர், ஊர், வங்கிக் கணக்கு எல்லாம் நிரப்பினோம். சான்றிதழ்களை ஏற்றத் தொடங்கியதும் நின்றுவிட்டது. வருமானச் சான்று 200 கேபிக்குள்தான் இருந்தது, அதுகூட ஏறவில்லை. கோடு நான்கு இருக்கிறதே என்றேன். அந்த மாணவன் சொன்ன விடையை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். “சார், இந்தக் கோடு, அது பேசுறது நமக்கு எவ்வளவு கேக்குதுன்னு மட்டும்தான் காட்டும். நாம பேசுறது அதுக்குக் கேக்குதான்னு காட்டாது.”

அனுப்பும் பெட்டி ஊரெல்லாம் கேட்கும்படி பேசலாம். எதிரே இருப்பது சிறு கருவி, அதன் குரல் மெலிது. மேலும் வைஃபை ஒரு நேரத்தில் ஒருவர் பேச மற்றவர் காத்திருக்க வேண்டிய சபை. ஐம்பது கைப்பேசிகள் அந்த ஒரே பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தன. பேராசிரியை வகுப்பறைகளுக்கும் நான் சாவடிக்கும் போனோம். யாருக்காக என்று சொல்லாமல், அரைமணி நேரம் எல்லோரும் வைஃபையை அணைத்துவிட வேண்டும் என்று கேட்டோம். ‘எனக்காக அன்று, உனக்காக’ என்பது நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம். மேடையில் பலமுறை கத்தியிருக்கிறோம். அன்று யாரும் கத்தவில்லை. சாவடியில் ஒவ்வொரு முகமாக வெளிச்சம் அணைந்தது. நான் திரும்பி வந்தபோது வருமானச் சான்று ஏறியிருந்தது. சல்லடையும் கம்பியும் செய்ய முடியாததை அந்த அமைதி செய்தது.

கடைசியில் ஒரு கட்டம்: ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடத்துக்குள் இட வேண்டும். அந்தக் கைப்பேசி அவள் தகப்பனாருடையது. அவர் மாலையே கடலுக்குப் போய்விட்டார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள்தான் பதறவில்லை. “வலை விட்டுட்டு அப்பா அணியத்துல வந்து உக்காருவாங்க சார். கோயில் வெளக்கு தெரியிற எடத்துல நின்னா போன் கெடைக்கும். அங்கதான் நிப்பாங்க. நான் மேட்டுல நின்னு போடுதேன்” என்றாள். அணியம் படகின் முன்பகுதி. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்வைத்துக் கடலில் இடம் காண்பது இக்கரையின் பழைய கல்வி. கடலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத முத்துச்சிப்பிப் பார்களை அப்படித்தான் பிடித்து வைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாகச் சிப்பி குளித்த 1961 வரைக்கும் அது பிழைப்புக்கான அறிவு. இப்போது அதே கண், கைப்பேசி கேட்கும் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அப்பாவிடம் இருந்தது பழைய பொத்தான் கைப்பேசி. வைஃபையைவிட நீண்ட அலையில் பேசுவதால் அது நெடுந்தூரம் கேட்கும்.

பேராசிரியையும் தோழியும் அவளோடு மணல்மேட்டுக்குப் போனார்கள். மேட்டிலிருந்து வேன்வரை பத்துப் பதினைந்து மாணவர்களைக் கூப்பிடு தூரத்தில் நிறுத்தினோம். தொடர்பு கிடைத்ததும் மேட்டில் கைவிளக்கு அசையும். அப்போதுதான் நான் பொத்தானை அழுத்த வேண்டும். பதினொன்று பத்துக்கு விளக்கு அசைந்தது. அழுத்தினேன். காத்திருந்தோம். கடலில் அவருக்குச் செய்தி வந்து, அதை அவர் படித்து, இவளிடம் சொல்ல வேண்டும். இருட்டில் முதல் எண் வந்தது: “நாலு!” ஒருவன் வாயிலிருந்து மற்றவன் வாய்க்கு. “நாலு! நாலு!” பின்பு “ரெண்டு”. பின்பு “ஒம்பது”. அடுத்தது ஏழா எட்டா என்று நடுவில் குழம்பிற்று. கேள்வி மேட்டுக்குத் திரும்பிப் போய், கடலுக்குப் போய், “ஏழு” என்று மீண்டது. ஆறாவது எண் வந்தபோது எட்டு நிமிடம் ஆகியிருந்தது. இட்டேன். ஒரு வட்டம் சுற்றியது. பதிவு எண் வந்தது.

அவள் மேட்டிலிருந்து வரும்வரை திரையை மூடாமல் வைத்திருந்தேன். பார்த்தாள். எழுதிக்கொண்டாள். நான் மகிழ்ச்சியில், சற்று அதிகமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். “இவ்வளவு விவரமானவளா நீ? முதலாண்டு ஆன்லைன் வகுப்பிலெல்லாம் ஆளையே காணோமே” என்றேன்.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “எல்லா கிளாஸுக்கும் இருந்தேன் சார்” என்றாள். “எங்க ஊர்லயும் இதே மாதிரிதான். கரையில ஏத்திவெச்ச வள்ளத்து அணியத்துல ஏறி நின்னாதான் கிடைக்கும். வெயிலுக்குச் சேலையப் போத்திக்கிட்டு நிப்பேன். நீங்க நடத்துனது பூரா எனக்குக் கேட்டுச்சு. பேரு கூப்பிட்டப்போ ‘உள்ளேன் ஐயா’ன்னு சொன்னேன். அதுதான் உங்களுக்குக் கேக்கலை.”

குற்றஞ்சாட்டும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் ஒரு விவரம் தருவதுபோலச் சொன்னாள். தோழி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முகாம் முடிந்து ஊர் திரும்பியதும் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே பாதிக்கும் மேல் ‘வரவில்லை’ என்று என் கையால் இட்டிருந்தேன். அதனால் அகமதிப்பெண்ணும் குறைந்திருந்தது. அவள் ஒருநாளும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா என்பதற்கு எனக்கு உறுதியான விடை இல்லை. மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து ஓராண்டாகிவிட்டது. மாற்ற வழியில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றாள். அது பரவாயில்லாத ஒன்றல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

நன்னூல், ஆசிரியன் தருவதைப் பற்றியும் பேசுகிறது, மாணாக்கன் கொள்வதைப் பற்றியும் பேசுகிறது. பின்னதற்கு அது தரும் பெயர் கோடல் மரபு, கொள்ளும் முறை. நெடுங்காலமாக நான் அதை மாணவருக்கு மட்டுமான அதிகாரமாகவே நடத்திவந்தேன். நான் அனுப்பும் பெட்டி, அவர்கள் ஏற்கும் கருவி. கிடைக்காவிட்டால் கருவியில் குறை. திரும்பிவரும் மெல்லிய குரலைக் கேட்கும் கடமை பெட்டிக்கும் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது யார் என்று இப்போது தெரிகிறது. அன்று ஒரு சல்லடையைத் திருப்பத் திருப்ப அலை வந்ததே, வகுப்பு நடத்திய அந்த மாதங்களில் நான் ஒருமுறை அவளைத் தொலைபேசியில் அழைத்திருந்தால் போதும். ஆறு சென்டிமீட்டர் நகர்வதற்கு ஒப்பான காரியம்தான் அது.

அவளுக்கு உதவித்தொகை வந்தது. 2023-இல் பட்டம் பெற்றாள்.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு நீர். மின்சாரம் போயிற்று, பின்னர் கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாய் ஊமையாயின. அனுப்புவதே இல்லாமல் போகும்போது எந்தச் சல்லடையும் உதவாது என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாம் நாள், எங்கோ ஒரு கோபுரம் உயிர்பெற்றதோ என்னவோ, மொட்டைமாடியின் தென்கிழக்கு மூலையில், அப்பாவின் துருப்பிடித்த ஆண்டெனாக் குழாயின் அருகே நின்றபோது என் கைப்பேசி அதிர்ந்தது. பல செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றுள் ஒன்று அவளுடையது, முந்தின நாள் அனுப்பியது: “சார், இருக்கீங்களா?”

“உள்ளேன்” என்று எழுதி அனுப்பினேன். பக்கத்தில் சிறு கடிகாரக் குறி தோன்றி அப்படியே நின்றது. கையை உயர்த்தினேன், நகர்ந்தேன், நீர்த்தொட்டியின்மேல் ஏறினேன். அவள் கேட்டது எனக்குக் கேட்டிருந்தது. நான் சொன்னது அவளுக்குப் போகவில்லை. அந்தக் குறி மாற மாலை ஆயிற்று. அதுவரை மாடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.